கந்தகத்தில் ஓர் ஆக்சிஜன்

மின்னஞ்சல் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. வைதேகியைப் பயமுறுத்தியது அந்த மரியாதைதான்.

2025 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாள். போலந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யும் மாணவி எழுதியிருந்தாள். ‘உங்கள் 2004ஆம் வருடக் கட்டுரையில் உள்ள முறையைப் பதினோரு தடவை செய்து பார்த்தேன். ஒரு தடவையும் வரவில்லை. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். கட்டுரையில் எழுதாமல் விட்ட சிறு விவரம் ஏதாவது இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இரண்டு தடவை வராவிட்டால் செய்பவரின் கை சரியில்லை என்று சொல்லிவிடலாம். பதினோரு தடவை செய்கிறவளின் கை சரியாகத்தான் இருக்கும். வைதேகி கடிதத்தை மூடிவிட்டு மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போனார். எழுதும்போது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

அவருக்கு மே மாதம் அறுபது முடிகிறது, அதோடு ஓய்வு. மயிலாப்பூரில் பிறந்து, அதே மயிலாப்பூரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு பழைய கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் கரிம வேதியியல் நடத்தியவர். பெரிய விஞ்ஞானி என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். இருபத்தாறு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றில் இருபத்தைந்தை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கந்தகத்தை அவர் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது வழிகாட்டி, பின்னால் இதே கல்லூரியில் துறைத் தலைவராக இருந்த பரத்வாஜ் வைத்திருந்த தலைப்புகளில் நல்ல வாசனை உள்ளவற்றை மற்ற மாணவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். “கந்தகம் ஒண்ணுதான் மிச்சம். எடுத்துக்கறியா?” என்று கேட்டார் பரத்வாஜ். அழுகிய முட்டைக்கோஸ், கெட்டுப்போன பூண்டு, இவற்றுக்கு நடுவில் ஏதோ ஒரு நாற்றம். தலைக்குக் குளித்தாலும் போகாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகக் கிடைக்கும். கல்யாணமான புதிதில் கணவர் கல்யாணராமன், “நம்ம ஆத்துல பூண்டே வாங்கினது கிடையாது. ஆனா வாசல்ல நிக்கறவா யாரும் நம்ப மாட்டா,” என்பார்.

கந்தகத்தின் மேல் ஆக்சிஜனை ஏற்றுவது கஷ்டமான காரியம் இல்லை. ஓர் ஆக்சிஜனோடு நிறுத்துவதுதான் கஷ்டம். ஒன்று ஏறினால் இரண்டாவதும் ஏறப் பார்க்கும். மருந்துகளில் பலவற்றுக்கு ஒன்றே வேண்டும். அதற்காகச் சிலர் ஏதேனும் ஓர் உலோகத்தைத் துளி சேர்ப்பார்கள். அந்த உலோகம் கடைசியில் மருந்தில் தங்கிவிடாமல் எடுப்பது தனித் தலைவலி. வைதேகியின் 2004 கட்டுரை, உலோகமே வேண்டாம் என்றது. சாதாரண ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் ஆல்கஹால், சென்னையின் வெயில், நான்கு மணி நேரம். ஓர் ஆக்சிஜன் ஏறி அத்தோடு நின்றுவிடும்.

நூற்றுச் சொச்சம் பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். அவர்களில் எத்தனை பேர் செய்து பார்த்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. மறுக்கப்படாமல் இருபது வருடம் இருந்துவிட்ட ஒன்றை மனிதர்கள் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வைதேகியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 2019இல் அவருடைய மாணவி மஹதி அதே முறையை இன்னும் ஒன்பது சேர்மங்களில் செய்து காட்டி முனைவர் பட்டம் வாங்கினாள். இருவர் பெயரிலும் இரண்டாவது கட்டுரை வந்தது. இப்போது மஹதி தி.நகரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

மின்னஞ்சல் வந்த மறுநாள் வைதேகி தானே ஆய்வகக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். புதுக் குடுவை, புது பெராக்சைடு. நான்கு மணி நேரம் கழித்துச் சோதனைத் தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார். தகட்டின் உச்சியில் ஆக்சிஜன் ஏறாத பழைய சேர்மத்தின் புள்ளி அப்படியே இருந்தது. கீழே, ஓர் ஆக்சிஜன் ஏறிய சேர்மம் நிற்க வேண்டிய இடத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் ஏதோ நிழல். வேறு கம்பெனியின் பெராக்சைடு வாங்கினார். அதே நிழல். மூன்றாவது நாள் தகட்டைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. விளக்கின் சுவிட்சில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

பழைய ஆய்வுக் குறிப்பேடுகளை வீட்டுக்கே எடுத்துப் போனார். 2003 மே முதல் 2004 மார்ச் வரை பதினான்கு தடவை செய்து, பதினான்கும் வந்திருந்தன. பிறகு 2005 டிசம்பரில், ஒரு மாணவிக்குக் காட்டுவதற்காக மூன்று தடவை செய்து மூன்றும் வரவில்லை. பக்கத்தின் ஓரத்தில் அவருடைய கையெழுத்தில் இரண்டு வார்த்தை: ‘பெராக்சைடு பழசு.’

அந்த இரண்டு வார்த்தையை வைதேகி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய் இல்லை. ஆனால் அது உண்மைதானா என்று புதுப் புட்டி ஒன்றைத் திறந்து அவர் பார்க்கவும் இல்லை. ஏன் பார்க்கவில்லை? இப்போது சுவிட்சின் மேல் கையை நிறுத்திய அதே பயம் அப்போதும் இருந்திருக்கிறது. அதற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்ததால் வெளியே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்யாணராமன் காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன, நோட்டையெல்லாம் ஆத்துக்கே தூக்கிண்டு வந்துட்டே?”

“தேதி பாக்கறேன்.”

“2003 ஜூனா? அந்த வருஷம் உனக்கு எங்க நேரம் இருந்தது? பாதி நாள் லாரிக்குக் குடத்தை வெச்சுண்டு நின்னோம். நீ அந்த எதிராத்து மாமியோட சண்டை போட்டே.”

“நான் சண்டை போடல. அவாதான் வரிசையில நுழைஞ்சா.”

“இருபது வருஷமா இதையே சொல்லிண்டிரு.” அவர் இன்னொரு குறிப்பேட்டைப் புரட்டினார். “இது மஹதியோடதா? 2019 ஜூன், ஜூலை. பேஷ். இதுவும் தண்ணியில்லாத வருஷம். உன் கந்தகத்துக்குத் தண்ணின்னா ஆகாது போல இருக்கே.”

அவர் சிரித்தார். வைதேகி சிரிக்கவில்லை. காப்பி ஆறிப்போனது.

கந்தக நாற்றம் பிடித்த குடுவை சோப்புக்கு மசியாது. அந்தக் கல்லூரியில் அதை டைகுரோமேட் கலந்த, ஆரஞ்சு நிற அமிலத்தில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். காலையில் குழாய்த் தண்ணீரில் நான்கு முறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த வாலைவடி நீரில் ஒரு முறை அலசுவார்கள். நான்கு முறை என்பது யாரோ சும்மா வைத்த கணக்கு இல்லை. அந்த அமிலத்தில் இருக்கும் குரோமியம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். குரோமியம் ஓர் உலோகம்.

அமிலத்தில் ஊறவைப்பது ஆபத்து என்று 2021இல் கல்லூரி அதை நிறுத்திவிட்டது. வைதேகி செவ்வாய்க்கிழமை ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சிறு பீக்கரில் அதைத் தயாரித்தார். இரண்டு குடுவைகளை ஊறவைத்தார். மறுநாள் காலை ஒன்றை நான்கு முறை அலசி, பிறகு வாலைவடி நீரிலும் அலசினார். மற்றதை ஒரே ஒரு முறை. இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எட்டரைக்கு இரண்டிலும் வினையைத் தொடங்கினார்.

பயப்படுகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. பயந்தது நடக்காமலும் போகலாம் என்று அவர் நம்பலாம். மதியம் பன்னிரண்டரைக்கு வைதேகியின் சலுகை பறிபோனது. ஒரு முறை அலசிய குடுவையில், நான்கு மணி நேரத்தில், ஓர் ஆக்சிஜன் ஏறி அழகாக நின்றிருந்தது. 2004 கட்டுரையில் அச்சான படம் மாதிரியே இருந்தது. மற்ற குடுவையில் நிழல் மட்டும். மறுநாள் குடுவைகளை மாற்றிச் செய்தார். அப்போதும் ஒரு முறை அலசியதில் மட்டுமே வந்தது.

உலோகமே இல்லாத முறை என்று இருபது வருடமாகப் பெயர் வாங்கியது, கழுவிப் போகாத உலோகத்தால் நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஆய்விதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். ‘ஆய்வக உதவியாளர் குடுவைகளை விதிப்படி அலசாததால்’ என்று எழுதியதும் உடம்பில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மூச்சு சீராக வந்தது. பத்து நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

அந்தப் பசியே அவரைச் சந்தேகப்பட வைத்தது. ஒரு வாக்கியம் இத்தனை சுலபமாகப் பயத்தை இறக்குகிறது என்றால், அதை எழுதியது பயம்தானோ? உதவியாளர் அலசவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பெராக்சைடு பழசு என்று தெரிந்திருந்த மாதிரிதான் இதுவும் தெரியும். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

உதவியாளர் கபாலி அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். குடிசைகளை அகற்றியபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். கடைசிச் சில வருடம் அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். மொத்தம் முப்பது வருடம் குடுவை கழுவி ஓய்வு பெற்று, இப்போது பெசன்ட் நகரில் ஒரு குடியிருப்புக்குக் காவலாளியாக இருந்தார். சனிக்கிழமை நான்கு மணிக்கு வைதேகி ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இன்னாம்மா, இம்மாந்தூரம்? ஒரு போன் அடிச்சா நானே வந்திருப்பேனே. குந்து.”

வைதேகி அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கபாலி மதில் ஓரமாக நின்றார்.

“ஒரு பழைய விஷயம் கபாலி. 2003ல குடுவையை ஊறவெச்சு எடுத்தப்புறம் எத்தனை தடவை அலசுவீங்க?”

“நாலு தபா. அப்பால அந்த நல்ல தண்ணி ஒரு தபா.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

“தண்ணி இல்லாத வருஷத்துலயும்?”

“எந்த வருஷமும்.” அவர் கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஏம்மா, எவனாவது பெட்டிஷன் போட்டுக்கீறானா? பென்ஷன்ல கை வெப்பாங்களா?”

“யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“அப்ப நீ எதுக்குக் கேக்குற?”

வைதேகி சொன்னார். போலந்து மாணவி, பதினோரு தடவை, இரண்டு குடுவை, கண்ணாடியில் தங்கும் குரோமியம். முடிந்தவரை எளிமையாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு கபாலி இரண்டு கைகளையும் வைதேகியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“பாரு. நகம் இன்னும் மஞ்சளாத்தான் கீது. முப்பது வருஷம் அந்த நாத்தத்துல நின்னேன். பொண்டாட்டி பக்கத்துல படுக்க மாட்டா. இப்ப வந்து கபாலி ஒயுங்கா கயுவலன்னு எழுதப் போறியா? எழுதிக்கோ. அத்த நான் இங்கிலீஷுல படிக்கவா போறேன்.”

கைப்பையில் இருந்த தாள் வைதேகியின் மடியில் கனத்தது.

“எழுதிட்டேன். ஆனா அனுப்பல. உங்களைக் கேக்காம அனுப்பக் கூடாதுன்னு வந்தேன்.”

பார்சல் கொண்டுவந்த ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கபாலி அவனிடம் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கி, எந்த வீடு, எந்த மாடி என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் குரலில் கோபம் இல்லை. அது வைதேகிக்கு இன்னும் பயமாக இருந்தது.

“தொட்டிக்கு மேல ஒரு நோட்டீசு ஒட்டினியே. மறந்தே பூட்டியா?”

“என்ன நோட்டீஸ்?”

“உன் கையெயுத்துதாம்மா. செவப்பு மசில. ‘ஒருமுறை மட்டும் அலசவும்’னு. கீய உன் பேரு. டேங்குல தண்ணி இல்ல, பரத்வாஜ் சார் கத்திக்கினு கீறாரு, நீ எழுதி ஒட்டினே. நான் கேட்டேன், ஒரு தபா போதுமாம்மா, கறை தங்காதான்னு. ‘கண்ணுக்குத் தெரியலன்னா போதும் கபாலி’ன்னு சொன்னே.”

முதலில் வைதேகிக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பிறகு, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தது நினைவுக்கு வந்தது. ஈரச் சுவரில் டேப் ஒட்டாமல் நழுவியது. புறங்கையால் சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். சிவப்பு மை விரலில் பட்டிருந்தது. எல்லாம் வந்துவிட்டது.

“அப்புறம்?”

“மய வந்தப்பறம் நானா நாலு தபா ஆக்கிக்கினேன். நோட்டீசு அங்கயேதான் இருந்திச்சு. பத்தொம்போதுல தண்ணி நின்னப்ப மறுக்கா ஒரு தபா. மஹதிப் பொண்ணுகூட அத்தப் படிச்சிட்டுத்தான் போவும். அப்பால வெள்ளையடிக்க வந்தவன் கியிச்சிப் போட்டான்.” கொஞ்சம் நிறுத்தி, “நீ கேட்டப்பவே சொல்லலாம்னு பார்த்தேன். நீ ஒத்துக்கலன்னா நான் இன்னா பண்றது? பேப்பர் இல்ல. நான் சொன்னா எவன் நம்புவான்?”

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வைதேகியின் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான். கபாலி சொன்னது சரி. தாள் இல்லை. பரத்வாஜ் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ‘உதவியாளர் அலசாததால்’ என்ற வாக்கியம் அப்படியே போனாலும் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நான்கு மாதத்தில் ஓய்வு. பாராட்டு விழாவுக்குப் பழைய மாணவிகள் மண்டபம் பேசியாகிவிட்டது. பேராசிரியர் செய்த தவறு என்றால் இருபத்தாறு கட்டுரைகளையும் சந்தேகப்படுவார்கள். குடுவை கழுவுகிறவர் செய்தது என்றால், பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தக் கணக்கை அவர் மனம் எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்பதைப் பார்த்து அவருக்கு உள்ளூர நடுங்கியது. ஆய்விதழைப் பற்றிய பயம் இந்த நடுக்கத்துக்கு முன் சின்னதாகத் தெரிந்தது.

இரண்டாவது கட்டுரையில் மஹதியின் பெயர் இருக்கிறது. அவள் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார்.

“மார்ச்ல எனக்கு ஆராய்ச்சி நிதி உதவிக்கு இன்டர்வியூ இருக்கு மேம்,” என்றாள் மஹதி. “ஏப்ரல்ல அனுப்பினா ஆகாதா? ரெண்டு மாசம்தான். இருபது வருஷம் இருந்ததுதானே.”

ஆகும் என்று சொல்ல வைதேகிக்கு ஆசையாக இருந்தது. நாக்கு வரை வந்துவிட்டது.

“அந்தப் பொண்ணு இன்னிக்குப் பன்னிரண்டாவது தடவை பண்ணிண்டிருப்பா மஹதி. தன் கைதான் தப்புன்னு நினைச்சுண்டு.”

“என் பேரும் போயிடும் மேம்.”

“போகும். இன்டர்வியூல கேட்டா, அந்த நோட்டீஸ் நான் ஒட்டினதுன்னு சொல்லு.”

“நானும் தினம் அதைப் படிச்சேன். ஏன் ஒரு தடவைன்னு கேக்கணும்னு தோணவே இல்ல.” பிறகு அவள் போனை வைத்துவிட்டாள். அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, ‘சம்மதம்’ என்று ஒரே ஒரு வார்த்தை மின்னஞ்சலில் வந்தது. வாழ்த்தும் இல்லை, கையொப்பமும் இல்லை.

வைதேகி முதலில் போலந்து மாணவிக்கு எழுதினார்: தவறு உங்களுடையது இல்லை. பிறகு இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெறும் கடிதம். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பழைய வாக்கியம் இல்லை. ‘தண்ணீர்ப் பற்றாக்குறையின்போது, குடுவைகளை ஒருமுறை மட்டும் அலசும்படி நான் எழுத்தில் உத்தரவிட்டேன். உதவியாளர் எழுப்பிய சந்தேகத்தைப் பொருட்படுத்தவில்லை. பிறகு 2005இல் முறை தோற்றபோது காரணத்தைச் சோதிக்கவில்லை.’

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தால் அவர் ஏமாந்திருப்பார். இதைத் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பயங்களில் எதோடு மீதி நாட்களை வாழ முடியும் என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பாராட்டு விழாவைத் தள்ளிவைத்திருப்பதாக மாணவிகள் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஓய்வறையில் அவர் நுழைந்தால் பேச்சு ஒரு நொடி நின்று, வேறு விஷயமாகத் தொடர்ந்தது.

பிப்ரவரி கடைசியில் மறுபடி பெசன்ட் நகர் போனார். கபாலி இந்த முறை இரண்டாவது நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டுத் தானும் உட்கார்ந்தார். வைதேகி அச்சிட்ட கடிதத்தை எடுத்து, ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

“என் பேரு அதுல கீதா?”

“இல்ல. உதவியாளர்னு மட்டும் இருக்கு. சந்தேகம் கேட்டார்னு.”

“கேட்டேன்தானே.”

“கேட்டீங்க.”

“உன் பேரு?”

“மூணு இடத்துல இருக்கு.”

கபாலி தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“இனிமே இன்னா பண்ணுவாங்க உன்ன?”

“தெரியல.”

“பயமா இல்லியாம்மா?”

“இருக்கு கபாலி.”

கபாலி தலையை ஆட்டினார். வெளியே ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. தாளை நான்காக மடித்து வைதேகியின் கையில் கொடுத்துவிட்டு, கேட்டைத் திறக்க எழுந்து போனார்.